கிணறும் கிழவியின் வாக்கும்

ஏழு நாள்! ஏழே நாள்! தலைமுறை தலைமுறையாக மனிதன் கட்டிக் காத்த தொழில் நாகரிகம் ஏழே நாளில் எரிந்து சாம்பலாயிற்று. எரித்தது வானத்துத் தேவனுமல்ல, பாதாளத்துப் பூதமுமல்ல. மனிதன் தன் கையாலேயே ஆக்கி வைத்த நெருப்பு அரக்கர்கள். ஆயிரம் ஆண்டுகள் உருண்டோடின. சாம்பல் மேட்டில் ஒரு காடு முளைத்தது. காடு என்றதும் குயில் கூவும் சோலையை எண்ணிவிட வேண்டாம். முகமூடியின்றி மூச்சை இழுத்தால் ஐந்தே நிமிடத்தில் நுரையீரலை அழுகச் செய்யும் நச்சுக் காடு அது. மரமளவு காளான்கள், பனிபோல் பொழியும் நச்சுத் துகள்கள், குன்றுகள் நகர்வதுபோல் ஊரும் பூச்சிகள்! அந்தக் காட்டின் ஓரத்தில், ஓயாது வீசும் கடற்காற்றின் தயவால், ஏறத்தாழ 500 பேர் கொண்ட சிற்றூர் ஒன்று உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

1984 மார்ச்சு 11 அன்று ஜப்பானில் வெளிவந்த 'காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா' எனும் ஓவியப் படம் காட்டும் உலகம் இது. எழுதி இயக்கியவர் ஹயாவோ மியாசாக்கி. தயாரித்தவர் இசாவோ தக்காஹாட்டா. இப்படம் பெற்ற வெற்றியே, அடுத்த ஆண்டு, 1985 இல், ஜிப்லி என்னும் புகழ்பெற்ற படநிலையம் பிறப்பதற்கு வழி வகுத்தது.

"ஓவியப் படந்தானே! குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன்தானே! இதற்கும் ஒரு திறனாய்வா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. குழந்தைகள் பார்ப்பதால்தான் திறனாய்வு வேண்டும் என்கிறோம் நாம். வளர்ந்தவன் உள்ளத்தில் கதை ஒரு மாலைப்பொழுது தங்கும். வளரும் பிள்ளையின் உள்ளத்திலோ அது வேர் விடும். வேர் விடுவது விருட்சமா, விஷக் காளானா என்று பார்ப்பது கற்பிக்கும் தொழிலில் இருப்போர் கடமை அல்லவா?

பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேரோடு அமர்ந்து நாம் இப்படத்தைப் பார்த்தோம். முடிந்ததும், "எந்தக் காட்சி உங்கள் உள்ளத்தில் நிற்கிறது?" என்று கேட்டோம். இறந்து கிடந்த நங்கை பொற்கதிர்களின் நடுவே உயிர்த்தெழுந்த காட்சி என்றனர் பெரும்பாலோர். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் எழுந்து, "கிணற்றுத் தண்ணீர் ஊற்றிச் செடி வளர்த்தாளே, அந்தக் காட்சி" என்றாள். அந்த இரண்டு விடைகளையும் இரு தட்டுகளில் இட்டு நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

கதைச் சுருக்கம்

பள்ளத்தாக்கின் அரசன் நச்சுக்காட்டு நோயால் படுக்கையில் கிடக்கிறான். அவன் மகள் நௌசிகா, சிறகுபோன்ற சின்னஞ்சிறு ஊர்தியில் காற்றில் மிதந்து காட்டுக்குள் சென்று வருபவள், பூச்சிகளை அஞ்சாதவள். ஒருநாள் இரவு, டோல்மேக்கியா என்னும் வல்லரசின் வானூர்தியொன்று அங்கே விழுந்து நொறுங்குகிறது. அதனுள் இருப்பது பழைய நெருப்பு அரக்கன் ஒருவனின் கரு. பெஜிட்டே என்னும் நகரத்தின் அடியிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டு, அங்கிருந்து கொள்ளையடிக்கப்பட்ட கரு. அதைத் தேடி டோல்மேக்கியப் படை வருகிறது, அரசனைக் கொல்கிறது, ஊரைப் பிடிக்கிறது. "இந்த அரக்கனை வளர்த்துக் காட்டை எரிப்போம், உலகை மீட்போம்" என்கிறாள் படைத்தலைவி குஷானா. நகரை இழந்த பெஜிட்டே மக்களோ, 'ஓமு' எனப்படும் மாபெரும் பூச்சிகளின் குட்டியொன்றைக் குத்திக் காயப்படுத்தி, வானூர்தியில் தொங்கவிட்டு, அதைத் தேடிச் சீறிவரும் ஓமுக் கூட்டத்தைப் பள்ளத்தாக்கின் மீது ஏவுகிறார்கள். எதிரிப் படை அழிந்தால் போதும். இடையிலே இருக்கும் 500 உயிர் போனால் போகட்டும்! இந்த இரண்டு வெறிகளுக்கும் நடுவே நிற்கிறாள் நௌசிகா.

இவ்வளவுதான் கதை. ஆனால், இதைச் சொல்லியவர் யார் என்பதையும் சற்றே காண வேண்டும். மியாசாக்கி பிறந்தது 1941 இல். அவர் குடும்பத்தாரின் தொழிற்சாலை போர் விமானங்களுக்கு உறுப்புகள் செய்து கொடுத்தது. 1945 ஜூலையில் உட்சுனோமியா நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது, நான்கு வயதுச் சிறுவனாக அந்த நெருப்பைக் கண்டவர் அவர். அடுத்த மாதமே ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தன. பின்னர், தோயெய் ஓவியப் பட நிறுவனத்தில் இளந்தொழிலாளியாகச் சேர்ந்த அவர், 1964 இல் அங்கே தொழிற்சங்கச் செயலாளராகவும் இருந்தார். நெருப்பைக் கண்ட கண், உழைப்பை அறிந்த கை! இரண்டும் இப்படத்தில் தெரிகின்றன.

கிணறு

நிறைகளைச் சொல்வோம். முதல் நிறை, அந்தச் சிறுமி சொன்ன கிணறு.

அரண்மனையின் அடித்தளத்தில் ஓர் அறை. அங்கே நச்சுக் காட்டின் செடிகள் பூத்துக் குலுங்குகின்றன. கண்டு திடுக்கிடுகிறான் யூபா என்னும் முதிய வீரன். "அஞ்ச வேண்டாம், இவை நஞ்சை உமிழவில்லை" என்கிறாள் நௌசிகா. காட்டிலிருந்து விதைத்துகள்களைத் தானே திரட்டி வந்து, காற்றாடி பூமியின் ஆழத்திலிருந்து இறைக்கும் நீரை ஊற்றி, அதே கிணற்றின் அடியில் எடுத்த மணலில் வளர்த்திருக்கிறாள். தூய நீர், தூய மண், நஞ்சற்ற செடி! அப்படியானால் நஞ்சு செடியிலில்லை, மண்ணிலிருக்கிறது. மண்ணை நஞ்சாக்கியது யார் என்று கேட்டுக் கலங்குகிறாள்.

தோழர்களே, இந்த ஒரு காட்சிக்காகவே இப்படத்தைப் போற்றலாம். ஊரார் அனைவரும் காட்டைச் சாபம் என்கிறார்கள். அவள் மட்டும், "சாபமா? சோதித்துப் பார்ப்போம்" என்கிறாள். தந்தையின் நோய் தீர வேண்டும். ஊராரின் நோய் தீர வேண்டும். அதற்காக நோன்பு இருக்கவில்லை, நேர்த்திக்கடன் வைக்கவில்லை. மண்ணை மாற்றினாள், நீரை மாற்றினாள், விளைவைப் பார்த்தாள். ஒன்றை மாற்றி மற்றொன்றைக் கவனிப்பது. கவனித்ததிலிருந்து முடிவுக்கு வருவது. வந்த முடிவு ஊர் நம்பிக்கைக்கு மாறாக இருந்தாலும் கைவிடாதிருப்பது. அறிவியல் என்பதன் அகரமும் னகரமும் இதுதானே!

அவளுடைய முடிவு பின்னர் மெய்ப்பிக்கப்படுகிறது. காட்டின் அடியிலே புதைமணலில் மூழ்கும் அவளும் பெஜிட்டே இளைஞன் அஸ்பெலும், கீழே தூய காற்றும் தெளிநீரும் நிறைந்த ஓர் அமைதி வெளியைக் காண்கிறார்கள். மண்ணின் நஞ்சை உறிஞ்சிய மரங்கள் கல்லாகி, பொடியாகி, தூய மணலாக உதிர்கின்றன. சாபம் என்று ஊர் தூற்றியது உண்மையில் சலவை! கருத்தொன்றை முன்வைத்து, சான்றைத் தேடி, சான்று கிடைத்ததும் கண்ணீர் வடிக்கும் கதைத்தலைவியை எத்தனை படங்களில் கண்டிருக்கிறோம்?

இந்தக் கற்பனைக்கு மண்ணிலே வேருண்டு. ஜப்பானின் கியூஷுத் தீவில் மினமாட்டா என்றொரு விரிகுடா. சிஸ்ஸோ என்னும் இரசாயன நிறுவனம் 1932 முதல் 1968 வரை, பாதரசம் கலந்த கழிவை அங்கே கொட்டியது. அந்த மீனைத் தின்ற பூனைகள் துடிதுடித்துச் செத்தன. பிறகு மனிதர்கள் கைகால் முறுக்கி, கண்ணிழந்து, பேச்சிழந்து மாண்டனர். நஞ்சுண்ட கடல் என்று மீனவர்கள் வலைவீசுவதை விட்ட பின், அங்கே மீன் கூட்டம் பெருகிற்றாம். அச்செய்தி தம் சிந்தனையைத் தூண்டியதாக மியாசாக்கி கூறியிருக்கிறார். நச்சைச் சுமந்துகொண்டும் வாழும் இயற்கையை அவர் கண்டது புராணத்திலல்ல, செய்தித்தாளில்.

பகைவனுக்கும் காரணம் உண்டு

இரண்டாம் நிறை, இப்படத்தில் கொடியவர் என்று ஒருவரை ஒதுக்கி வைக்க முடியாது என்பது. நம் பழங்கதைகளிலே அசுரன் அசுரனாகவே பிறப்பான், கொல்லப்படுவதற்கென்றே பிறப்பான். இங்கே குஷானா அப்படிப்பட்டவளல்லள். பூச்சிகளால் கையிழந்தவள். கவசத்தைக் கழற்றி உலோகக் கையைக் காட்டி, தன்னை மணப்பவன் இதைவிடக் கொடியதைக் காண்பான் என்கிறாள். அவளுடைய வெறுப்புக்கு வரலாறு இருக்கிறது. பெஜிட்டே மக்களோ கொள்ளையடிக்கப்பட்டவர்கள், அடிமைப்பட்டவர்கள். நம் இரக்கத்துக்கு உரியவர்கள். அவர்களே அடுத்த ஊரின்மீது அழிவை ஏவுகிறார்கள். ஒடுக்கப்பட்டதாலேயே ஒருவன் செய்வதெல்லாம் நீதியாகிவிடாது என்னும் கசப்பான உண்மையைப் படம் துணிந்து சொல்கிறது. விடுதலை பேசுகிற எவரும் மனத்தில் இருத்தத்தக்க உண்மை அது.

நௌசிகாவும் மாசற்ற தெய்வமகளாக வரவில்லை. தந்தையின் பிணத்தைக் கண்ட வெறியில் வீரர் பலரை அடித்து வீழ்த்துகிறாள். யூபா இடையிலே பாய்ந்து, அவள் வாளைத் தன் கையில் தாங்கித் தடுக்கிறான். பின்னர், தன் கோபம் தன்னையே அஞ்சச் செய்கிறது என்று அழுகிறாள். அன்பு அவளுக்குப் பிறவிக் குணமாக வாய்க்கவில்லை. தன் கையின் குருதியைக் கண்டு பயின்று பெற்ற பண்பு அது.

சிறைப்பட்ட கிழவர்கள் குஷானாவிடம் பேசும் காட்சி ஒன்றுண்டு. முதியவர் தம் கையைக் காட்டுகிறார். காட்டு நோயால் கல்லாக இறுகிவரும் கை. தம் இளவரசிக்கு இந்தக் கை பிடிக்கும், உழைக்கும் கை என்று பாராட்டுவாள் என்கிறார். காட்டை நெருப்பு ஒரு நாளில் எரித்துவிடும். நீரும் காற்றும் அதை வளர்க்க நூறு ஆண்டு ஆகும். தங்களுக்கு நீரும் காற்றுமே ஏற்றவை என்கிறார். பீரங்கி முன் நின்று பாட்டாளி பேசும் பொருளாதாரம் அது! நூறு மேடைப் பேச்சுக்குச் சமம்.

பூச்சியை நேசித்தவள்

மூன்றாவது நிறை, பெண்ணைப் படைத்த விதம். நௌசிகா என்ற பெயர் கிரேக்கப் பெருங்காப்பியமான ஒடிசியிலிருந்து வந்தது. ஆனால் அவள் உருவத்துக்கு ஜப்பானிய மூலம் ஒன்றும் உண்டு. ஹெய்யான் காலத்துச் சிறுகதை ஒன்றில், பூச்சிகளை நேசித்த உயர்குடிப் பெண் ஒருத்தி வருகிறாள். அக்காலத்துப் பெண்கள் புருவத்தை மழித்துக்கொள்ள வேண்டும். பல்லுக்குக் கறுப்புச் சாயம் தீட்ட வேண்டும். அதுவே அழகு, அதுவே ஒழுக்கம். அவளோ இரண்டையும் மறுத்தாள். கம்பளிப் புழுவைக் கையில் ஏந்தி, அது எப்படி வண்ணத்துப்பூச்சியாகிறது என்று கண்டறிய விரும்பினாள். ஊர் சிரித்தது. சிரித்த ஊரை யார் நினைக்கிறார்கள்? அந்தப் பெண்ணை எத்தனையோ நூற்றாண்டுகளுக்குப் பின் ஓர் ஓவியர் தேடி எடுத்துத் திரையில் பறக்க விட்டார்.

இப்படத்தில் நௌசிகா எவன் காதலுக்காகவும் ஏங்கவில்லை. எவனாலும் மீட்கப்படக் காத்திருக்கவில்லை. ஆராய்கிறாள், ஊர்தி ஓட்டுகிறாள், பிழை செய்கிறாள், திருத்திக்கொள்கிறாள். அவளை எதிர்க்கும் படைக்கும் தலைமை ஒரு பெண்ணே. கற்பு, தாலி, கண்ணீர் என்னும் மூன்று கயிறுகளால் கட்டாமல் பெண்ணை நடமாட விட்ட கதை இது. நம் பெண்பிள்ளைகள் பார்க்க வேண்டும்; ஆண்பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கலைத்திறனைப் பற்றிச் சில சொல். பறக்கும் காட்சிகளில் காற்றையே கண்ணால் காண்கிறோம். வளர்ந்து முடியாத நெருப்பு அரக்கன் தசை உருகி ஒழுக ஒழுகத் தீயை உமிழும் காட்சியை வரைந்தவர், அன்று இளைஞராயிருந்த ஹிடேயாக்கி ஆன்னோ. படைக்கலத்தின் பெருமிதத்தையல்ல, அதன் அருவருப்பை அவர் தூரிகை காட்டிற்று. ஜோ ஹிசைஷியின் இசை, பேச வேண்டிய இடத்தில் பேசி, அடங்க வேண்டிய இடத்தில் அடங்குகிறது. சிறு குழந்தையாக நௌசிகா ஓமுக் குஞ்சொன்றை ஒளித்து வைத்து, பெரியவர்களின் கைகள் அதைப் பறிக்கும் அந்த நினைவுக் காட்சியில் ஒலிக்கும் மழலைக் குரல், நெஞ்சைப் பிழியும்.

கிழவியின் வாக்கு

இவ்வளவு நிறைகளையும் சொன்ன நாம், குறையைச் சொல்லத் தயங்கினால் அது நேர்மையாகாது. பாலைக் குடம் நிறையக் கறந்தார் மியாசாக்கி. ஒரு துளி நஞ்சை அவரே விட்டார்.

தொடக்கத்திலேயே, பார்வையிழந்த பழங்கிழவி ஒருத்தி முன்னறிவிப்பு ஒன்றைச் சொல்கிறாள். நீல ஆடை உடுத்த ஒருவர் பொன்வெளியிலே தோன்றுவார். மண்ணோடு அறுந்த உறவை மீண்டும் இணைப்பார். மக்களைத் தூய நிலத்துக்கு அழைத்துச் செல்வார். முகப்பிலே வரும் பழந்துணிச் சித்திரமும் அதையே காட்டுகிறது. அதற்கேற்ப முடிவும் அமைகிறது. காயம்பட்ட ஓமுக் குட்டியின் நீலக் குருதியில் நௌசிகாவின் உடை தோய்கிறது. சீறிவரும் கூட்டத்தின் முன் நிற்கிறாள். தூக்கி எறியப்பட்டு மாள்கிறாள். கூட்டம் நிற்கிறது. ஆயிரமாயிரம் பொன்னிற உணர்கொம்புகள் அவளை ஏந்துகின்றன. உயிர்த்தெழுகிறாள், பொற்கொம்புகளின் மீது நடக்கிறாள். குழந்தைகள் கண்டு சொல்ல, கிழவி கைகுவித்துக் கண்ணீர் வடிக்கிறாள். வாக்குப் பலித்தது! அவதாரம் வந்தது!

எப்படிப் பலித்தது? வாக்கை எழுதியவரும் அவரே; உடைக்குச் சாயம் தோய்த்தவரும் அவரே. இரண்டையும் ஒரே கை எழுதும்போது பலிக்காமல் என்ன செய்யும்? உலகத்துத் தீர்க்கதரிசனங்கள் அனைத்தும் இப்படிப் பின்னால் தோய்த்த சாயந்தான் என்பதை நாம் அறிவோம். ஆனால் திரையின் முன் அமர்ந்த பிள்ளை அறியாதே!

இதிலே பெரிய விந்தை, அந்த அற்புதம் கதைக்குத் தேவைப்படவேயில்லை என்பது. ஓமுக் கூட்டம் சீறியது ஏன்? குட்டியைக் காயப்படுத்திக் கடத்தியதால். அது நின்றது ஏன்? குட்டி திரும்பக் கிடைத்ததால். தங்கள் குட்டிக்காக ஒரு மனிதப்பெண் உயிரைக் கொடுக்க முன்வந்ததால். காரணமும் காரியமும் கச்சிதமாகப் பொருந்திவிட்டன. அதற்கு மேல் எதற்கு உயிர்ப்பு? உயிர் திரும்பக் கிடைக்கும் என்றால் தியாகத்தின் எடை என்ன? திருப்பித் தரப்படும் பொருளுக்கு ஈகை என்று பெயரில்லை.

கிழவியை நாம் பழிக்கவில்லை. ஆயுதம் ஏந்திய படையின் முன் அஞ்சாமல் நின்று, காட்டை எரிக்க முயன்ற போதெல்லாம் ஓமுக் கூட்டம் பொங்கி எழுந்து நகரங்களை அழித்தது என்று எடுத்துச் சொல்பவள் அவள். அது வரலாறு, முன்னோர் பட்ட பாட்டின் பதிவு, கொள்ளத்தக்க அறிவு. ஆனால் நீல ஆடை நாயகன் வருவான் என்பது வரலாறல்ல, வெறும் காத்திருப்பு. ஒரே வாயிலிருந்து வந்த இரண்டையும் படம் ஒரே தட்டில் பரிமாறிவிட்டது. பழையதில் பதிவு எது, பதர் எது என்று பிரித்துக் காட்டத் தவறிவிட்டது.

பூட்டிய அறை

இரண்டாம் குறை இன்னும் ஆழமானது. கிணற்று அறையில் அவள் கண்ட உண்மை என்ன ஆயிற்று? யூபா ஒருவனிடம் சொல்கிறாள். அந்த இரவிலேயே நீரை நிறுத்திவிடுகிறாள். செடிகள் வாடப் போகின்றன. அறை மூடப்படுகிறது. நோயால் கை கல்லாகும் கிழவர்களுக்கு, தங்கள் நோயின் வேர் மண்ணில் இருக்கிறது என்று எவரும் சொல்லவில்லை. ஊரைக் கூட்டி, "வாருங்கள், வந்து பாருங்கள்" என்று அவள் காட்டவில்லை. பெஜிட்டே வானூர்தியில் கெஞ்சிச் சொல்கிறாள். அங்கேயும் அவள் சொல்லைத் தவிரச் சான்று ஏதும் அவர்கள் கண்முன் இல்லை. ஆக, அறிவு அரண்மனை அடித்தளத்தில் பூட்டிக் கிடக்கிறது. அற்புதமோ ஊர் நடுவே, அனைவர் கண்முன்னும் நடக்கிறது!

படம் எந்தக் கடலிலிருந்து தூண்டுதல் பெற்றதோ, அந்த மினமாட்டாவே இதற்கு மறுப்பு. அந்த நோய் 1956 இல் அதிகார பூர்வமாக அறியப்பட்டது. நிறுவனத்தின் மருத்துவமனையிலேயே பணியாற்றிய மருத்துவர் ஹொசோகாவா, ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துச் சோதித்தார். 1959 இல், '400 ஆம் எண் பூனை' அதே நோயால் துடித்தது. நிறுவனம் அந்த உண்மையை மூடி மறைத்தது; மேற்கொண்டு சோதிக்க விடாமல் தடுத்தது. கழிவு மேலும் ஒன்பது ஆண்டு கடலில் கலந்தது. அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது 1968 இல். 1970 இல், நோய்ப்படுக்கையிலிருந்து அம்மருத்துவர் சாட்சியம் அளித்தார். 1973 இல் குமமோட்டோ நீதிமன்றம் நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அங்கே நீல ஆடையில் எவரும் இறங்கி வரவில்லை. நோயாளிகள் நடந்தார்கள், வழக்காடினார்கள், சான்று கேட்டார்கள். பூட்டிய அறை திறந்தபோதுதான் நீதி பிறந்தது. அறிவைக் காண்பதோடு கடமை முடிவதில்லை. அதை ஊர் நடுவே வைப்பதில்தான் விடுதலை இருக்கிறது.

மூன்றாம் குறையும் இதனோடு ஒட்டியது. பள்ளத்தாக்கு மக்கள் உழைக்கிறார்கள், அன்பு செய்கிறார்கள், அடிமைப்படுத்தியவரை எதிர்த்துக் கிளர்ந்தும் எழுகிறார்கள். ஆயினும், முடிவு எடுக்கும் போதெல்லாம் "இளவரசி! இளவரசி!" என்றே அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆயிரம் ஆண்டு கழிந்து, நாகரிகமே அழிந்து, மீண்டும் தழைத்த போதும் அரச குருதிதான் ஆள வேண்டுமா? எதிர் முகாமிலும் ஓர் இளவரசியே தலைவி. நெருப்பு அரக்கன் அரண்மனைகளை எரித்தான். அரச வமிசத்தை மட்டும் எரிக்க மறந்தான் போலும்! குஷானாவின் மனமாற்றமும், படை ஊரை விட்டுப் போவதும், பெயர்ப்பட்டியல் ஓடும்போது அவசர அவசரமாகக் காட்டப்படுகின்றன. அற்புதத்துக்கு அத்தனை நேரம். அரசியலுக்கு இவ்வளவே நேரம்.

படைத்தவரே திருத்தினார்

இப்படியொரு முடிவு ஏன் வந்தது? மியாசாக்கி முதலில் எண்ணிய முடிவு, கூட்டத்தின் முன் நௌசிகா இறங்கி நிற்பதோடு நிறைந்தது என்றும், பார்ப்போர்க்கு மனநிறைவு போதாது என்று கருதித் தாமும் தக்காஹாட்டாவும் வேறு முடிவுகளை எடுத்துரைத்ததாகவும், படப்பணியில் உடனிருந்த தோசியோ சுசூக்கி பின்னாளில் கூறியிருக்கிறார். செத்துப் பிழைத்தால் கைதட்டுவார்கள்! கைதட்டல் கிடைத்தது, கருத்து அடிபட்டது. சமய வாடை வீசும் அம்முடிவு இயக்குநருக்கே உறுத்தலாக இருந்தது.

வாணிபம் வேறொரு விதத்திலும் இப்படத்தைக் காயப்படுத்திற்று. 1985 இல் அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் ஏறத்தாழ 22 நிமிடங்களை வெட்டி எறிந்தனர், தலைப்பை மாற்றினர், நௌசிகாவின் பெயரையே மாற்றினர். சிந்தனைப் பகுதிகள் பல போயின, சண்டை மிஞ்சிற்று. இரண்டு வெட்டுகளும் ஒரே கத்தியால் விழுந்தவைதாம். மக்களுக்குச் சிந்திக்கத் தெரியாது என்ற எண்ணமே அந்தக் கத்தி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மியாசாக்கி இக்கதையைச் சித்திரத் தொடராக 1982 பிப்ரவரியில் தொடங்கியவர். படம் வந்த பின்னும் விட்டுவிட்டு எழுதி, 1994 மார்ச்சில்தான் முடித்தார். ஏழு தொகுதிகள். அந்தப் பன்னிரண்டு ஆண்டில் அவர் தம் வாக்கைத் தாமே உடைத்தார். அங்கே, நச்சுக்காடு இயற்கையின் அருளுமல்ல, சாபமுமல்ல. உலகைத் தூய்மையாக்கப் பழங்கால மனிதர்களே வகுத்து வைத்த ஏற்பாடு. அவர்கள் இன்றைய மனிதரின் உடலையும் நஞ்சுக்கேற்ப மாற்றிவிட்டிருக்கிறார்கள். ஆகவே வாக்களிக்கப்பட்ட தூய நிலத்தில் இவர்கள் வாழவே முடியாது. வாக்களிக்கப்பட்ட சொர்க்கம், வருபவனைக் கொல்லும் சொர்க்கம்! அந்த ஏற்பாட்டைக் காத்துநிற்கும் பழங்கல்லறையின் முன் நின்று, "உங்கள் திட்டப்படி வாழமாட்டோம்" என்று நௌசிகா மறுக்கிறாள், அதைத் தகர்க்கிறாள். பொன்வெளித் தேவதையாகத் திரையில் நின்றவள், ஏட்டிலே, விதி எழுதியவர்களின் கோட்டையை இடிப்பவளாக நிமிர்கிறாள்.

அங்கும் ஒரு குறை உண்டு. அறிந்த உண்மையை அவள் இறுதியிலும் மக்களிடம் சொல்லவில்லை. தன்னோடும் நண்பன் ஒருவனோடும் வைத்துக்கொள்கிறாள். அந்தக் கிணற்று அறையின் பூட்டு ஏட்டிலும் திறக்கவில்லை. என்றாலும், தாம் எழுதிய வாக்கைத் தாமே ஐயுற்று, பன்னிரண்டு ஆண்டு அதனோடு மல்லாடி, மறுத்து எழுதிய நேர்மை பெரிது. தன் கருத்தைத் திருத்திக்கொள்பவனே அறிஞன். திருத்தவே மாட்டேன் என்பவன் பூசாரி.

ஆகவே, இப்படத்தைப் பார்க்காதீர் என்று நாம் சொல்லமாட்டோம். பாருங்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாருங்கள். பார்த்தபின் பேசுங்கள். "இறந்தவள் எழுந்தாளே, எப்படி?" என்று கேளுங்கள். "குட்டி திரும்பியதும் கூட்டம் நின்றதே, அது போதாதா?" என்று கேளுங்கள். "அவள் கண்ட உண்மையை ஊருக்குச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேளுங்கள். மனிதன் மூட்டிய தீயால் அழிந்த உலகம் அது. தேவதையால் மீளுமென்று காத்திருந்தால் மீளாது.

நம் வகுப்பிலே அன்று கிணற்றைச் சொன்ன சிறுமியிடம், "ஏன் அந்தக் காட்சி?" என்று கேட்டோம். "அது நானும் செய்யலாம், அய்யா, செத்துப் பிழைக்க என்னால் முடியாது" என்றாள். வகுப்பு சிரித்தது. பிறகு, சிரிப்பை நிறுத்திச் சிந்தித்தது. மறுநாள் ஜன்னலோரத்தில் இரண்டு தொட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் ஊர்ச் சாக்கடையோரத்து மண். மற்றொன்றில் ஆற்று மணல். இரண்டிலும் ஒரே பயறு. பிள்ளைகள் நாள்தோறும் அளந்து எழுதுகிறார்கள்.